கெட்டிக் கஞ்சி

என் வீட்டுக்காரர் மொய்னுதீனுக்குக் கழுத்து ரத்தக்குழாயில் இருந்த அடைப்பை ஆபரேஷன் பண்ணி எடுத்தார்கள். பக்கவாதம் வராமல் தப்பித்தாரே என்று நான் மூச்சு விடுவதற்குள் தொண்டை மக்கர் பண்ண ஆரம்பித்தது. ராஜவீதி ஜவுளிக்கடை வாசலில் நின்று தெருக்கோடிவரை ஆளைக் கூப்பிட்ட குரல் வெறும் காற்றாகப் போனது. குரல் போனால் போகட்டும், ஒரு வாய் தண்ணீர் குடித்தாலே புரையேறிக் கண் பிதுங்கியது.

சாப்பிடப் பயந்து மனிதர் பாதியாக இளைத்துவிட்டார். இப்படியே போனால் மூக்கில் குழாய் விட்டுத்தான் சாப்பாடு என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். விடுவேனா நான்? கஞ்சியை நீர்க்கக் கரைத்தேன், ரசத்தை வடிகட்டினேன், இளநீரைக் கரண்டியால் ஊட்டினேன். நீர்க்க நீர்க்க இருமல்தான் அதிகமானது. அவர் வாயை இறுக மூடிக்கொண்டு தலையை ஆட்டும்போது எனக்குக் கோபம் கோபமாக வரும். வீம்பு பிடிக்கிறார் என்றே நினைத்தேன்.

ரம்ஜான் மாதம் வந்தது. ஒருநாள் பேரீச்சம்பழத்தைக் கடித்து நோன்பு திறந்துவிட்டு, பள்ளிவாசலிலிருந்து வந்த நோன்புக் கஞ்சியை மூடிவைத்து மக்ரிப் தொழப் போனேன். திரும்பி வந்தால், இவர் கிண்ணத்துக்குள் தலையைக் கவிழ்த்து, கூழ்போலக் கெட்டியான அந்தக் கஞ்சியை அள்ளி அள்ளிச் சாப்பிடுகிறார். தொண்டையில் அடைத்துக்கொள்ளுமே என்று பதறிப்போய்ப் பிடுங்கினேன். பாதிக்குமேல் காலி. ஒரு இருமல்கூட இல்லை.

மறுநாளே டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனேன். மூக்குவழியாகக் கேமரா விட்டுப் பார்த்தார். ஆபரேஷனில் குரல் நரம்பு அடிபட்டிருக்கிறது, அறுந்துபோகவில்லை, சில மாதத்தில் தேறிவிடும் என்றார். அதுவரை தண்ணியாகக் கொடுத்தால் தொண்டை மூடுவதற்குள் மூச்சுக்குழாயில் இறங்கிவிடுமாம். கெட்டியானது மெதுவாகப் போகுமாம். தலையைக் குனிந்து விழுங்கியதும் சரிதானாம். வீட்டில் என்ன கொடுக்கிறேன் என்று இதுவரை டாக்டரம்மாவும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. குழாய் வேண்டாம் என்றார்.

அப்போது இவர் கரகரவென்று பேசினார்.

"ஒரு மாசமா தண்ணிய ஊத்தி ஊத்தியே என்னைச் சாவடிச்சிக்கினு இருந்தாம்மா இவ. வாணாம்னு சொல்லலாம்னா குரலும் இல்ல."

ஆபரேஷனுக்குப் பிறகு இவர் முழுசாகப் பேசிய முதல் பேச்சே என்மேல் புகார். நாலு சாத்து சாத்தலாம் போலிருந்தது. கையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே அழுதுவிட்டேன்.