எதிர்முனையில் யாருமில்லை

செயற்கைப் பல் செய்யும் ஆய்வகத்தில் அவருக்கு வைத்த பெயர் மௌனச்சாமி. காலையில் வருவார். பிளாஸ்டர் மாவில் வார்த்த மேல்வரிசை, கீழ்வரிசைப் பற்களைப் பஞ்சு சுற்றி வண்டியின் பின்பெட்டியில் அடுக்குவார். எந்த டாக்டருக்கு எது என்று சீட்டைப் பார்ப்பார். போய்விடுவார். பத்து வார்த்தை சேர்ந்தாற்போல் பேசினால் அன்றைக்கு மழை நிச்சயம் என்று அச்சு வார்ப்பவர் சொல்லிக்கொண்டிருப்பார்.

மனைவியும் அதைத்தான் சொன்னாள், வேறு மாதிரி. "உங்க கூட இருக்கிறதும் சுவரோட இருக்கிறதும் ஒண்ணுதான். சுவர்ல சாய்ஞ்சாவது உக்காரலாம்." சண்டையில்லை, சத்தமில்லை. ஒரு பெட்டியோடு அக்கா வீட்டுக்குப் போனவள் நான்கு வருடமாகத் திரும்பவில்லை. போகும்போதுகூட அவர் ஏதாவது சொல்வாரா என்று வாசலில் கொஞ்ச நேரம் நின்றாள். அவருக்கும் தொண்டை வரைக்கும் வந்தது. வெளியே வரவில்லை.

அவள் போய் ஒரு மாதம் கழித்துத்தான் பேச்சு வந்தது. அதுவும் வண்டியில். ஹெல்மெட்டை மாட்டி, முகக் கண்ணாடியை இறக்கி, வண்டி கொஞ்சம் வேகம் பிடித்ததும் காற்று இரைய ஆரம்பிக்கும். அந்த இரைச்சலுக்குள் அவர் அவளிடம் பேசினார். இன்னார் கடையை மூடிவிட்டார்கள், கீழ்வீட்டுக் குழாய் இன்னும் ஒழுகுகிறது, நேற்றுச் சட்டையை நானே தைத்தேன், கோணலாகப் போய்விட்டது. சொல்லிவிட்டு நிறுத்துவார். காற்று இரையும். அந்த இரைச்சலில் அவள் ஏதோ சொல்கிற மாதிரியே இருக்கும். "ம், சரி" என்பார். வீட்டில் ஒருநாளும் பேசிப் பார்த்ததில்லை. அங்கே நிறுத்தினால் நிறுத்தியதுதான். பதிலே இல்லை என்று தெரிந்துவிடும்.

போன வருடம் ஒரு கார்க்காரன் அவரை இடித்துவிட்டு, இவர்தான் வந்து மோதினார் என்று சாதித்தான். இவருக்கு எதிர்த்துப் பேச வாய் வரவில்லை. அதற்குப் பிறகுதான் தீப்பெட்டி அளவில் ஒரு கேமரா வாங்கி ஹெல்மெட்டின் தாடைப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டார்.

அதைப் பார்த்ததும் அச்சு வார்ப்பவர் கையில் மாவோடு வெளியே வந்தார். "என்னய்யா சாமி, தாடியில கொம்பு முளைச்சிருக்கு? இது சட்டப்படி தப்பு, தெரியுமா? சோதிச்சு முத்திரை குத்தின ஹெல்மெட்ல எதையும் ஒட்டக்கூடாது, மாட்டக்கூடாது. விழுந்தா அது உள்ள குத்தும்னு சொல்றாங்க. பிடிபட்டா மூணு மாசம் லைசென்ஸ் போயிடும். ஹேண்டில்ல மாட்டிக்க, அதுக்கு யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

அவர் தலையை ஆட்டினார். கழற்றவில்லை. ஹேண்டில் பார்ப்பது ரோட்டை. அவருக்கு வேண்டியது தான் எதைப் பார்க்கிறோமோ அது. அவளிடம் "இங்க பாரு" என்று சொல்லும்போது உண்மையாகவே ஏதோ ஒன்று திரும்பிப் பார்ப்பதுபோல ஒரு நினைப்பு.

அது குரலையும் பதிவு செய்யும் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. கண்ணெதிரே ஒரு விபத்தைப் பார்த்த அன்று மாலை, கேமராவின் கார்டை எடுத்துக் கணினியில் போட்டபோதுதான் தெரிந்தது.

நான்கு முனைச் சந்திப்பு அது. பச்சை விழக் காத்திருந்தவர், பக்கத்துச் சாலைத் திரைச்சீலைக் கடையைத் திரும்பிப் பார்த்தார். அந்த நேரத்தில்தான் அந்தச் சாலையிலிருந்து ஒரு வேன் சிவப்பு விளக்கைத் தாண்டிப் பாய்ந்து, ஸ்கூட்டரில் வந்த பெண்ணைத் தூக்கி அடித்தது. கூட்டம் சேர்ந்தது, ஆம்புலன்ஸ் வந்தது. பெட்டியில் பற்கள் காத்திருந்தன. அவர் கிளம்பிவிட்டார்.

கணினியில் எல்லாம் துல்லியமாக இருந்தது. வேன், விளக்கு, வேனின் எண். கூடவே அவர் குரல். தன் குரல் இவ்வளவு மெதுவாக, இவ்வளவு குழைவாக இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. கார்டை ஒரு உறையில் போட்டு அலமாரியில் வைத்தார்.

மறுநாள் சந்திப்பில் ஒரு ஆள் அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றான். 'விபத்தைப் பார்த்தவர்கள் உதவுங்கள்.' அதற்கடுத்த நாளும் நின்றான். நான்காம் நாள் சிவப்பு விழுந்தபோது நேரே இவரிடம் வந்து ஹெல்மெட்டைக் காட்டினான்.

"அண்ணே, அது கேமராதானே? திங்கக்கிழமை இந்தப் பக்கம் வந்தீங்களா? அடிபட்டது என் தங்கச்சி. இடுப்பெலும்பு போச்சு. வேன்காரன் இவதான் சிவப்புல வந்தாள்னு எழுதிக் குடுத்துட்டான். எழுந்து உக்காரக்கூட முடியல, அவ மேலயே கேசு போடப் போறாங்க."

பச்சை விழுந்தது. பின்னாலிருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். மௌனச்சாமி கியரைப் போட்டார். வண்டியை நகர்த்தினார். அன்று முழுக்க ஹெல்மெட்டுக்குள்ளும் பேச்சு வரவில்லை. மத்தியானம் மூன்று மணிக்குத் திரும்பி வந்தபோது அந்த ஆள் அட்டையை வெயிலுக்குத் தலைமேல் பிடித்துக்கொண்டு நின்றான். வண்டியை ஓரம் கட்டினார்.

"என்கிட்ட இருக்கு" என்றார்.

அலமாரியிலிருந்த உறையோடு இருவரும் காவல் நிலையம் போனார்கள். இன்ஸ்பெக்டர் ஒரு பெண். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கார்டைக் கணினியில் போட்டார்.

"சத்தத்தை மட்டும் எடுத்துட முடியுமாங்க?" என்று கேட்டார் மௌனச்சாமி.

"ஒண்ணையும் எடுக்கக்கூடாது. எடுத்தா வெட்டி ஒட்டினதுன்னு சொல்லிடுவாங்க."

படம் ஓடியது. காற்றின் இரைச்சல், வண்டி நின்றதும் சுற்றிலும் எஞ்சின்களின் இரைச்சல், அதற்குள் அவர் குரல் அந்த அறை முழுக்க.

"இங்க பாரு, நீ கேட்ட நீலத் திரைச்சீலை. வாங்கவா?" சற்று இடைவெளி. "ம், சரி. வாங்கறேன். ஜன்னலை அளக்கணும், நீதான் பிடிக்கணும்…" அதோடு டமார் என்ற சத்தம்.

அடிபட்ட பெண்ணின் அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். இன்ஸ்பெக்டர் மூன்று முறை ஓட்டிப் பார்த்தார். மூன்று முறையும் அறையில் திரைச்சீலை வந்தது.

"வேன்காரன் மாட்டிக்கிட்டான்" என்றார். பிறகு இவரைப் பார்த்தார். "நீங்களும்தான். கேமரா எங்க மாட்டியிருந்ததுங்கிறதுதான் கோர்ட்டுல முதல் கேள்வி. எழுதாம விட முடியாது. மூணு மாசம்."

"தெரியுங்க."

"அது சரி. ஃபோன்ல யாரு?"

"ஃபோனா?"

"வண்டி ஓட்டிக்கிட்டு ஃபோன் பேசினா ஒரு வருஷம். எதிர்முனையில யாரு?"

"யாருமில்லைங்க."

"கேக்கறீங்க, நிறுத்தறீங்க, 'ம், சரி'ங்கறீங்க. பதில் வராமலா சரின்னீங்க?"

அவர் ஃபோனை எடுத்து மேசையில் வைத்தார். இன்ஸ்பெக்டர் அழைப்புகளை மேலே தள்ளிக்கொண்டே போனார். திங்கட்கிழமை ஆய்வகம். ஞாயிறு ஒன்றுமில்லை. சனிக்கிழமை ஆய்வகம், ஆய்வகம். போன மாதம், அதற்கு முந்தின மாதம். விரல் நின்றது. ஆய்வகத்தைத் தவிர வேறு எண்ணே இல்லை.

இன்ஸ்பெக்டர் ஃபோனை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"யாருகிட்ட பேசுனீங்க?" இப்போது இன்ஸ்பெக்டரின் குரல் இறங்கியிருந்தது.

"வீட்டுக்காரிகிட்ட."

"இறந்துட்டாங்களா?"

"இல்லைங்க. அக்கா வீட்டுல இருக்கா."

இன்ஸ்பெக்டர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு எழுத ஆரம்பித்தார். ஒரே ஒரு குற்றம்தான் எழுதினார். கேமராவையும் கார்டையும் சாட்சிப் பொருளாக எடுத்துக்கொண்டு, ஹெல்மெட்டைத் திருப்பிக் கொடுத்தார். தாடைப்பக்கத்தில் பசை மட்டும் சதுரமாக மிச்சமிருந்தது.

வாசலில் அந்த அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டான். "வாங்கண்ணே, நான் கொண்டுபோய் விடறேன்."

"நடந்தே போறேன்" என்றார்.

வண்டி நிலையத்திலேயே நின்றது. கையில் ஹெல்மெட்டோடு வண்டியில்லாமல் நடப்பவரைத் தெருவில் எல்லோரும் ஒரு முறை திரும்பிப் பார்த்தார்கள். பழக்கதோஷம், இரண்டு மூன்று முறை "இங்க பாரு" என்று வாய் எடுத்தார். காற்று இல்லை. நடக்கிற வேகத்தில் காற்று இரைவதில்லை. கார்க்காரர்கள் ஹாரன் அடித்தார்கள், குழந்தைகள் கத்தின, எல்லாச் சத்தமும் தனித்தனியாகக் கேட்டது. எதுவும் அவள் குரலாகவில்லை.

வீட்டுக்கு வந்து ஹெல்மெட்டை மேசைமேல் வைத்தார். ஜன்னலில் வெயில் இன்னும் இருந்தது. மூன்று மாதம் என்று நினைத்துப் பார்த்தார். மூன்று மாதம் ஒரு வார்த்தை பேச இடமில்லை.

அழைப்புகளின் பட்டியலில் இல்லாத அந்த எண் அவருக்கு மனப்பாடம். இரண்டு முறை தப்பாக அழுத்தி மூன்றாம் முறை சரியாக அழுத்தினார். ஐந்தாவது மணியில் எடுத்தாள்.

"ஹலோ, யாரு?"

தொண்டை வரைக்கும் வந்தது. அங்கேயே நின்றது.

"யாருங்க?" எங்கோ பாத்திரம் வைக்கும் சத்தம். பிறகு அதுவும் நின்றது. "நீங்களா?"

"ம்."

அவள் காத்திருந்தாள். வாசலில் நின்ற அன்றைக்கும் இப்படித்தான் காத்திருந்தாள் என்று அவருக்குத் தெரிந்தது. ஹெல்மெட்டைப் பார்த்தார், பசைச் சதுரத்தைப் பார்த்தார்.

"வண்டி ஓட்ட முடியாது" என்றார். "மூணு மாசம்."

பதில் இல்லை. இரைச்சலில்லாத, வெறும் இடைவெளி. 'ம், சரி' என்று சொல்லிவிட நாக்கு எழுந்தது. அடக்கிக்கொண்டார். நான்கு வருடத்தில் முதல் தடவையாக, என்ன வரப்போகிறது என்று தெரியாமல் அவர் காத்துக்கொண்டிருந்தார்.

"ஏன்?" என்றாள்.