பூனையில் முடிந்த கதை

லிஃப்ட் மெக்கானிக் ஒரு கதையைத் தொடங்கினால் அது மலையளவு கிளம்பி, கடைசியில் புஸ்ஸென்று போய்விடும். கட்டடமே அதிர்ந்ததென்பார், ஓடிப்போய்ப் பார்த்தால் வாளி உருண்டிருக்கும், இல்லையென்றால் பூனை குதித்திருக்கும். அந்தப் புஸ்ஸுக்காகவே மனைவியும் மகளும் காத்திருப்பார்கள்.

அன்று வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "நாலாவது மாடிக்கும் அஞ்சாவதுக்கும் நடுவுல லிஃப்ட் நின்னுபோச்சு. நம்ம மீசை மேல ஏறிப் பார்த்துட்டிருந்தான். திடீர்னு டமால்னு ஒரு சத்தம்..."

மீசை அவருடன் பல வருடமாக வேலை பார்க்கும் கூட்டாளி.

மகள் அதற்குள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "பூனைதானேப்பா? சொல்லுங்க, பூனைதானே?"

அவர் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "ஆமாம்மா, பூனைதான்."

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். இந்த மனுஷனுக்கு ஒரு கதையை ஒழுங்காக முடிக்கத் தெரியாதே என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டு, டிபன் பாக்ஸைக் கழுவ எடுக்கலாமென்று அவருடைய பையைத் திறந்தாள். உள்ளே இரண்டு டப்பாக்கள் இருந்தன. ஒன்று மீசையுடையது. சாப்பாடு அப்படியே இருக்க, கனத்தது.

அவள் அதைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் பக்கம் திரும்பினாள். "அண்ணனோட டப்பா உங்ககிட்ட எப்படிங்க?"

"அவன் வீட்ல கொடுக்கணும். அவங்களுக்கு இன்னும் தெரியாது. வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்துட்டேன்" என்றார். "நீயே சொல்லு, இந்தக் கதைய அங்க எப்படி முடிக்கிறது?"