பெஸ்ஸி அட்டீனின் மணி

உப்போடை பெட்ரோல் பங்கின் சுவரில் மாட்டியிருந்த காலண்டர், டெல்பர்ட் எட்சிட்டி கதவைத் திறந்து உள்ளே வரும்போதெல்லாம் மணியடித்தது. வேறு யார் வந்தாலும் அடிக்காது. அந்த வருடம் தீவனப் புல் விலை ஏறியது, மேற்குச் சரிவில் பனி பேருக்குத்தான் விழுந்தது, காலண்டர் மணியடித்தது. ஊரில் இந்த மூன்றையும் ஒரே மூச்சில் சொல்வார்கள். முதல் முறை அடித்தபோது டெல்பர்ட் கையில் காபிக் கோப்பையோடு அப்போதுதான் வாசலைத் தாண்டியிருந்தான். சத்தம் காதில் விழுந்த வேகத்தில் அப்படியே திரும்பி, குளிர்பானப் பெட்டிக்கு முகத்தைக் கொடுத்து, தொப்பியைக் கண் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டான். எங்கள் நவஹோ இனத்து வீட்டில் பெண் எடுத்தவன், அதிலும் முறை தவறாத வீட்டில் எடுத்தவன், அப்படித்தான் செய்வான். மருமகன் மாமியார் முகத்தைப் பார்க்கக் கூடாது, பார்த்தால் கண் போய்விடும். அதற்காகவே பழைய நாளில் மாமியார்கள் சின்ன மணி ஒன்றைக் கட்டிக்கொண்டு நடந்தார்கள். எல்லாரும் அதை விட்டுவிட்ட பிறகும் டெல்பர்ட்டின் மாமியார் பெஸ்ஸி அட்டீன் விடவில்லை. அவருடைய நெசவுக் கச்சையில் கொண்டைக்கடலை அளவில் ஒரு வெள்ளி மணி தொங்கியது. கல்யாணமான நாளிலிருந்து டெல்பர்ட்டுக்கு மாமியார் என்றால் அந்தச் சத்தம்தான்.

“அத்தை எப்ப வந்தாங்க அக்கா?” என்று அவன் குளிர்பானப் பெட்டியிடம் கேட்டான்.

பங்கை நடத்தும் கோராலி உதட்டைக் குவித்துச் சுவரைக் காட்டினாள். விரல் நீட்டிக் காட்டுவது எங்களிடம் மரியாதை இல்லை. அவன் முதுகு காட்டி நின்றதால் உதடும் பிரயோசனப்படவில்லை.

“வரல தம்பி. மாட்டியிருக்கு.”

“என்னது மாட்டியிருக்கு?”

“உங்க அத்தையத்தான். காலண்டர்ல. நானே நேத்துதான் ஆணி அடிச்சேன், யாருன்னு பாக்காம. திரும்பாத, அப்படியே இரு, கழட்டறேன்.”

கழற்றி, சுருட்டி, ரப்பர் வளையம் போட்டு, சிகரெட் அட்டைகளுக்கு அடியில் வைத்தாள். அங்கிருந்தும் அது மணியடித்தது. படத்தில் என்ன இருக்கிறது என்று அவனுக்கு வாயால்தான் சொல்ல முடிந்தது. விடிகாலை வெயிலில் செம்பாறை வளைவு நெருப்பாக நிற்கிறது. அதற்குக் கீழே பெஸ்ஸி அட்டீன் மேல்சட்டையைத் தளர்த்திவிட்டு, இடுப்புக்குக் கீழ் இறங்கும் நரைத்த முடியை அவிழ்த்துப்போட்டு, யுக்காக் கிழங்கின் நுரையில் அலசிக்கொண்டிருக்கிறார். புருஷன் போன பிறகு பெற்ற மகளைத் தவிர யாரும் அந்த முடியை அவிழ்த்துப் பார்த்ததில்லை. படத்துக்குக் கீழே ‘பாலைவனத்தின் மௌனம்’ என்று அச்சடித்திருந்தார்கள்.

டெல்பர்ட்டுக்குத் தொழில், புகைப்படம் எடுக்க வருகிறவர்களுக்கு இடம் காட்டுவது. இப்போது போல எல்லாரும் போனில் எடுக்கிற காலம் இல்லை, ஃபிலிம் சுருள் போட்ட காலம். அரிசோனாவுக்கு விமானத்தில் வந்து, வாடகை வண்டியில் கேமரா முக்காலிகளை அடுக்கிக்கொண்டு வருவார்கள். எந்தப் பாறை எந்த மாதத்தில் எத்தனை மணிக்குச் சிவக்கும் என்று அவனுக்குக் கணக்கு உண்டு. குறுகலான பள்ளத்தாக்கில் உச்சி வெயில் இறங்கும்போது ஒரு கை மணலை அள்ளி மேலே வீசினால், வெளிச்சம் தூணாகத் தெரியும். எல்லா வழிகாட்டிகளும் வீசினார்கள், ஆனால் மணல் விழுகிற அழகு டெல்பர்ட் கைக்குத்தான் என்று பேச்சு. அந்தப் பேச்சு அவனுக்குப் பிடித்திருந்தது. கெட்டது அங்கேதான் ஆரம்பித்தது. ஓஹையோவிலிருந்து வந்த டுவைட் ஹாலோரன் என்ற படக்காரர் எந்த இடத்தைக் காட்டினாலும் முதலில் தரையைப் பார்த்தார். பாறையில் வேறு முக்காலிகளின் கால் தேய்ந்த தடம் இருந்தால் உதட்டைப் பிதுக்கிவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டார். இரண்டு நாள் இப்படிப் பிதுக்கிய பிறகு, அடுத்த பள்ளத்தாக்கு வழிகாட்டியிடம் போய்ப் பார்க்கலாமா என்று மெதுவாகக் கேட்டார். டெல்பர்ட்டுக்குச் சுருக்கென்றது. யாரும் கால் வைக்காத இடம் ஒன்று தனக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டான்.

அந்த இடம் அவனுக்குக் கல்யாணத்துக்கு முன்பே தெரியும். அட்டீன் வீட்டார் கோடையில் ஆடுகளோடு தங்கும் கோடைப்பட்டிக்கு மேலே ஒரு பாறை விளிம்பு. பெஸ்ஸியின் மகள் வெர்லீனா ஆடு ஓட்டி வருகிறாளா என்று பார்க்க அப்போது அவன் அங்கே ஏறிப் படுத்துக் கிடந்திருக்கிறான். கல்யாணமானதும் அந்த விளிம்பிலிருந்து கீழே பார்க்கிற உரிமை அவனுக்கு இல்லாமல் போனது. அக்டோபரில் ஒரு விடிகாலையில் டுவைட்டை அங்கே ஏற்றிவிட்டு, அவன் முறைப்படி மேற்கே திரும்பி உட்கார்ந்து, பின்யோன் மரத்துக் கொட்டைகளைப் பல்லில் உடைத்துத் தின்றான். பட்டியில் இந்நேரம் யாரும் இருக்க மாட்டார்கள், குளிர்காலப் பட்டிக்கு இறங்கியிருப்பார்கள் என்று நினைத்ததாகப் பிறகு ஊரில் சொன்னான். அந்த வருடம் கோடைப்புல் மிச்சம் இருந்ததால் பெஸ்ஸி இறங்கவில்லை என்பதும் உண்மைதான். வெளிச்சம் வந்தது. கேமரா படபடவென்று அடித்தது. அதற்கு நடுவே கீழேயிருந்து மெல்லிய மணிச்சத்தம் ஒன்று ஏறி வந்தது.

“கீழே யாராவது இருக்காங்களா?” என்று டுவைட் கேட்டார்.

“இல்ல.”

“மணி கேக்குதே.”

டெல்பர்ட் வாயிலிருந்த கொட்டைத் தோலைத் துப்பினான். “ஆட்டு மணி” என்றான்.

டுவைட் ஒரு கணம் கேமராவிலிருந்து கண்ணை எடுத்து இவனுடைய முதுகைப் பார்த்தார். பிறகு குனிந்து வேலையைத் தொடர்ந்தார்.

காலண்டர் வந்த மாதத்திலேயே அதே படம் தபால் அட்டையிலும் காபிக் குவளையிலும் ஏறியது. டெல்பர்ட் கயென்டாவில் சாமான் வாங்கப் போனால் குவளை அடுக்கு மொத்தமும் கிணுகிணுத்தது. பல் பிடுங்கப் போன இடத்தில், காத்திருக்கும் அறைச் சுவர் மணியடித்து, வாய் வீங்கி உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவன் தரையைப் பார்த்து நடக்கப் பழகினான். இதில் இன்னொரு விஷயமும் இருந்தது. படம் வெளியான அன்றிலிருந்து பெஸ்ஸியின் கச்சையில் தொங்கிய வெள்ளி மணி ஊமையாகிவிட்டது. நாக்கு இருந்தது, ஆடியது, உலோகத்தில் போய் இடித்தது, சத்தம் மட்டும் வரவில்லை. அவர் எண்ணெய் போட்டுப் பார்த்தார், வெந்நீரில் கழுவிப் பார்த்தார். ஊர்க்காரர்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது. படம் எடுத்தவன் முடியோடு சேர்த்து மணிச்சத்தத்தையும் எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

காலண்டரைப் பார்த்துவிட்டு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். விளிம்பில் முக்காலிகள் வரிசை கட்டின. சிலர் கீழேயே இறங்கி, வாசலில் நின்று, முடியை ஒரே ஒரு முறை அவிழ்க்க முடியுமா என்று சிரித்த முகத்தோடு கேட்டார்கள். ஒரு பெண்மணி தபால் அட்டையை நீட்டிக் கையெழுத்துக் கேட்டாள். பெஸ்ஸி அட்டையை வாங்கிப் பார்த்தார், திருப்பித் தரவில்லை, மாவு டின்னுக்குள் போட்டு மூடினார். அன்றிலிருந்து தலையில் கட்டிய துணியைத் தூங்கும்போதும் அவிழ்க்கவில்லை. முடி அலசுவதை வீட்டுக்குள் வைத்துக்கொண்டார், அதையும் கதவைத் தாழிட்டு. சந்தைக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். தப்புச் செய்தவன் ஒருவன், ஊரார் கண்ணுக்கு ஒளிந்து நடப்பவர் இன்னொருவர்.

ஊர் டெல்பர்ட்டைக் குறை சொல்லவில்லை. அதுதான் அவனைக் கொன்றது. முறை தவறாமல் முதுகு காட்டி உட்கார்ந்திருந்த பையன், படக்காரன் எதை எடுத்தான் என்று அவனுக்கு எப்படித் தெரியும் என்று பேசிக்கொண்டார்கள். ஊர்க் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, இந்தக் காலத்திலும் மாமியாருக்கு இப்படி மரியாதை கொடுக்கிற மருமகன் இருக்கிறான் என்று பிள்ளைகளுக்கு அவனை உதாரணம் காட்டினார். டெல்பர்ட் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். தன் கண்ணை மட்டும்தான் திருப்பிக்கொண்டான், இன்னொருவன் கண்ணைக் கொண்டுபோய் அங்கே வைத்ததும் அவனேதான் என்று அவனுக்குத் தெரியும்.  தொப்பியை மாட்டிக்கொண்டு வெளியே போனான். பட்டிப் பக்கம் போவதையும் விட்டுவிட்டான். மணி ஊமையாகிவிட்டது, தெரியாமல் அத்தையைப் பார்த்துவிட்டால் என்ன செய்வது என்று வெர்லீனாவிடம் சொன்னான். அது நியாயமான காரணமாகவும் இருந்தது. டிரக்கின் பின்னால் படுக்கை விரித்துக்கொண்டு, பங்குக்குப் பின்னால் குளிர்காலத்தைக் கழித்தான். வெர்லீனா வாரத்துக்கு ஒரு தடவை பொரித்த ரொட்டியும் ஆட்டுக்கறிக் குழம்பும் கொண்டுவந்தாள்.

“அம்மா உன்மேல கோவமா இல்ல” என்பாள். “நீதான் பாக்கவே இல்லையே. வீட்டுக்கு வா. ரெண்டு பேரும் வேற வேற நேரத்துல வெளிய வாங்க. நான் காவல் நிக்கறேன்.”

அந்தக் குழம்பை ஒவ்வொரு வாரமும் அவன் பாதியோடு மூடிவைத்தான். பனி உருகிச் சேறாகிக் கிடந்த ஒரு நாள், அவன் டிரக்கைப் பட்டிக்கு ஓட்டிப் போய், எங்கள் வழக்கப்படி யாராவது வெளியே வரும்வரை உள்ளேயே உட்கார்ந்திருந்தான். வெர்லீனா முகம் மலர்ந்து ஓடிவந்தாள். அத்தையிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்றான். அவள் இரண்டு ஜூனிபர் மரங்களுக்கு நடுவே போர்வையைக் கட்டி, அந்தப் பக்கம் அம்மாவை உட்காரவைத்தாள். இவன் இந்தப் பக்கம் போர்வைக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்தான். அவன் வந்து இறங்கியதிலிருந்து வீட்டுக்குள் மாவு டின் மணியடித்துக்கொண்டே இருந்தது. பெஸ்ஸி அதைக் கேட்டார். ஊரார் சொல்லித்தான் அவருக்குத் தெரியும், காதால் கேட்டது அன்றைக்குத்தான். மாமியாரும் மருமகனும் நேரே பேசக் கூடாது என்பதால், கறுப்பன் என்ற நாயை நடுவில் வைத்துக்கொண்டார்கள்.

“கறுப்பா” என்றார் பெஸ்ஸி, “எதுக்கு வந்தானாம்?”

“கறுப்பா, அன்னைக்குக் கீழயிருந்து மணி கேட்டுச்சுன்னு சொல்லு.”

நாய் போர்வைக்கு இரண்டு பக்கமும் பார்த்தது.

“கேட்டு?”

“படக்காரர் என்னன்னு கேட்டாரு. ஆட்டு மணின்னு சொன்னேன்.”

“ஆட்டு மணின்னே நெனச்சானா?”

டெல்பர்ட் தொப்பியைக் கழற்றினான். “இல்ல கறுப்பா” என்றான். “யாரு மணின்னு தெரியும்.”

 மாவு டின் மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. வெர்லீனா வீட்டுக்குள் போனாள். எங்களிடம் பெண்ணுக்குப் புருஷன் வேண்டாம் என்றால் அவனுடைய சேணத்தைத் தூக்கி வாசலுக்கு வெளியே வைப்பாள். டெல்பர்ட்டுக்குக் குதிரை கிடையாது. அவள் அவனுடைய பூட்ஸையும் டிரக்கின் ஜாக்கியையும் கொண்டுவந்து சேற்றில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். அவன் அவற்றை எடுத்துக்கொண்டு போனான். போகிற வழியில் பங்கில் இறங்கி, கோராலியிடமும் டீசலுக்கு நின்றவர்களிடமும் நடந்ததைச் சொன்னான். காலண்டர் அப்போதும் அடித்துக்கொண்டுதான் இருந்தது. அதற்குப் பிறகு யாரும் அவனைப் பிள்ளைகளுக்கு உதாரணம் காட்டவில்லை. அவனும் இடம் காட்டப் போகவில்லை. சாலை போடுகிறவர்களோடு தார் ஊற்றப் போனான்.

மே மாதத்தில் ரோமம் கத்தரிக்கிற நாள் வந்தது. டிரக் கதவை யாரோ தட்டினார்கள். வெர்லீனா நின்றிருந்தாள், குழம்பு கொண்டுவரவில்லை.

“அம்மா வரச் சொன்னாங்க. கத்தரிக்க ஆள் பத்தல.”

“மணி?”

“வாயேன், தெரியும்” என்றாள். அவள் இன்னும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

பட்டி வாசலில் இறங்கியதும் அவனுக்கு மணி கேட்டது. டின்னுக்குள் அடைபட்ட சத்தம் இல்லை. ஆட்டுப் பட்டிக்கு இடதுபுறம் நடந்து, தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி, வீட்டுப் பக்கம் போய்த் திரும்புகிற சத்தம். அவன் சட்டென்று திரும்பி நின்றுகொண்டான். என்ன நடந்தது என்று கத்தரிக்க வந்திருந்த பெண்கள் பிறகு சொன்னார்கள். பெஸ்ஸி மாவு டின்னைத் திறந்து அந்தத் தபால் அட்டையை எடுத்திருக்கிறார். படம் உள்பக்கம் வருகிற மாதிரி மடித்து, மாவு மூட்டைத் துணியில் வைத்துத் தைத்து, மணி தொங்கிய இடத்தில் கச்சையில் கட்டிக்கொண்டிருக்கிறார். எதனால் ஊரார் கண்ணுக்கு ஒளிந்தாரோ, மகள் புருஷன் வீட்டுக்கு வந்து போவதற்காக அதையே இடுப்பில் சுமந்துகொண்டு எல்லார் முன்னாலும் நடந்தார். ஊமையான வெள்ளி மணியை முன்னால் போகிற கடாவின் கழுத்தில் மாட்டிவிட்டிருந்தார். அது ஆடியது, சத்தம் போடவில்லை.

டெல்பர்ட் குனிந்து ஓர் ஆட்டை மடியில் சாய்த்துக் கத்தரிக்க ஆரம்பித்தான். கண்ணீர் ரோமத்தில் விழுந்தது, துடைக்கக் கை இல்லை. மணி அவன் முதுகுக்குப் பின்னால் கொஞ்ச தூரத்தில் வந்து நின்றது.

“கறுப்பா” என்றார் பெஸ்ஸி, “அவன்கிட்டச் சொல்லி வை. இது ஆடு இல்ல.”

டெல்பர்ட் ஆட்டை விடாமல் தலையை ஆட்டினான். மணி வீட்டுப் பக்கம் நடந்து போனது, மத்தியானம் மற்றவர்களோடு அவனுக்கும் குழம்பு வந்தது, அந்த வருடம் ரோமம் சுமாரான விலைக்குப் போனது.