இடது சீட்டில் கேட்ட சத்தம்

கலாராணிக்கு நாற்பத்து நாலு வயதில் மாப்பிள்ளை பார்த்தார்கள் என்று சொன்னால் அது பாதிப் பொய். பார்க்கப் போனது அவளேதான். ஓட்டிக்கொண்டு போன காரும் அவளுடையது. பின் சீட்டில் கல்யாணம் பேசி முடிக்கிற அன்னலட்சுமி அக்கா, மடியில் வாழைப்பழச் சீப்பையும் பிஸ்கட் பெட்டியையும் வைத்துக்கொண்டு, ஹுன்னஸ்கிரிய மலை ஏறுகிற ஒவ்வொரு வளைவிலும் "முருகா, முருகா" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். முன்னால் உட்காரச் சொன்னால் பயமாம். முன்னாலிருந்த இடது சீட்டில் வழக்கம்போலக் கலாராணியின் ஹேண்ட்பேக்கும் குடையும் சோற்றுப் பெட்டியும் சவாரி செய்தன.

கண்டி மாநகர சபையில் அவள் கிளார்க். கட்டுக்கலையில் மாடியில் ஒரு அறை, சமைக்க ஒரு குசினி. அம்மாவும் அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கொழும்பிலிருக்கிற அண்ணன் தைப்பொங்கலுக்கு ஒரு தடவை, தீபாவளிக்கு ஒரு தடவை போன் எடுப்பான். அப்பா உயிரோடு இருந்தவரை அந்த வீட்டில் குறைக்குக் குறைவே இருந்ததில்லை. சோற்றில் கல், தேத்தண்ணியில் சூடு போதாது, பரீட்சையில் தொண்ணூறு எடுத்தால் மிச்சம் பத்து எங்கே. அப்படி வளர்ந்தவள் மனதில் ஒன்றை ஆணியடித்து வைத்திருந்தாள்: குறை சொல்கிற ஆம்பிளை மட்டும் வேண்டாம். குடிகாரனைக்கூட யோசிக்கலாம், குறை சொல்கிறவன் வேண்டவே வேண்டாம். ஒன்பது வருடத்துக்கு முன்னால் லோன் போட்டு அந்தச் சின்ன வெள்ளைக் காரை வாங்கியதுகூட, பஸ்ஸில் யாருடைய வாயையும் கேட்காமல் போய்வர வேண்டும் என்றுதான். அன்று தொட்டு வேறு ஒருத்தர் அந்த ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை.

மாப்பிள்ளை பெயர் ரவிகுமார். வயது நாற்பத்தெட்டு. மனைவி இறந்து ஆறு வருடம், பிள்ளைகள் இல்லை. அந்த மலையில் ஒரு தேயிலைப் பேக்டரியில் மெஷின்களைப் பார்த்துக்கொள்கிறவர். மெஷின் சத்தம் கொஞ்சம் மாறினால் போதும், எங்கே எது கழன்றிருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவார் என்று அன்னலட்சுமி அளந்தாள். தரகர் வாயில் எல்லா மாப்பிள்ளையும் ராஜாதானே என்று கலாராணி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஆனால் ஆளைப் பிடித்துவிட்டது. அதை மறைப்பானேன்? அவர் வீட்டில், அவள் உட்காருவதற்கு முன்னால் கதிரையைச் சட்டைப்பையிலிருந்து எடுத்த தன் கைலேஞ்சியால் துடைத்தார். தேத்தண்ணியைத் தானே ஊற்றிக்கொண்டு வந்து, "சீனி போதுமா பாருங்க" என்றார். அவள் மாநகர சபைக் கந்தோரில் நடக்கிற கூத்துகளைச் சொன்னபோது குறுக்கே பேசாமல் கடைசிவரை கேட்டார். கடைசிவரை ஒருத்தர் கேட்டு அவளுக்கு எத்தனை வருடமாயிற்று! திரும்புகிற நேரம் அன்னலட்சுமி, "நான் இங்க எங்க மதினி வீட்டுல ரெண்டு நாள் தங்கிட்டு வாரேன். தம்பிக்கும் டவுன்ல மெஷினுக்கு பெல்ட் ஒண்ணு வாங்கணுமாம், கூட்டிட்டுப் போ" என்று கண்ணடித்தாள். கலாராணி ஹேண்ட்பேக்கையும் குடையையும் சோற்றுப் பெட்டியையும் பின்னால் தூக்கிப் போட்டாள். ரவிகுமார் இடது சீட்டில் ஏறினார்.

மழை பிடித்திருந்தது. மூன்றாவது வளைவு திரும்பும்போது எதிரே ஒரு லொறி தன் பாதையை விட்டு வந்தது. கலாராணி இடது பக்கம் ஒடித்தாள். அங்கே தண்ணீர் தேங்கி நின்றது. தண்ணீர் என்று நினைத்தது பள்ளம். முன் இடது சக்கரம் மடாரென்று உள்ளே இறங்கி, கல்லில் மோதி வெளியே ஏறியது. இருவர் தலையும் கூரையில் இடித்தன.

"அடி பட்டுச்சா?" என்று ரவிகுமார் பதறிப்போய்க் கேட்டார்.

"இல்ல. ஒங்களுக்கு?"

"எனக்கென்ன, கல்லுத் தல."

சிரித்தாள். கார் நேராகத்தான் ஓடியது. ஸ்டியரிங் இழுக்கவில்லை, நடுங்கவில்லை. ஒரு மைல் போயிருக்கும். அவர் தலையைச் சாய்த்து எதையோ கேட்டுக்கொண்டிருந்தார்.

"கால்கிட்ட ஒரு சத்தம் வருதுங்க. டொக்குன்னு. மேடு பள்ளத்துல மட்டும்."

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

"இந்தா, இப்பவும் வந்திச்சு. அடிச்ச அடியில கீழ என்னமோ ஒடஞ்சிருக்கு. கவனமா போங்க."

மழை கூரையில் கொட்டுகிறது, வைப்பர் இரண்டும் கிறீச்சிடுகின்றன. அவளுக்கு என்ன கேட்கும்? கேட்டதெல்லாம் அப்பாவின் குரல்தான். ஏறி அரை மணி ஆகவில்லை, அதற்குள் என் காரில் குறையா? தெல்தெனியவுக்குக் கொஞ்சம் முன்னால் காரை ஓரங்கட்டினாள்.

"கொஞ்சம் எறங்குங்க. நான் தனியா ஓட்டிப் பாக்கிறேன், அப்பத்தான் நல்லா கேக்கும்."

குடையைக் கொடுத்து அவரை இறக்கிவிட்டாள். தூறலில் அவர் ரோட்டோரம் நிற்க, அவள் முன்னால் ஓட்டினாள், திருப்பினாள், மறுபடி ஓட்டினாள். வேண்டுமென்றே குழிகளில் இறக்கினாள். கண்ணாடியை இறக்கிவிட்டுக் காதைத் தீட்டிக் கேட்டாள். டொக்கும் இல்லை, டக்கும் இல்லை. வெற்றியோடு வந்து அவர் பக்கத்தில் நிறுத்தினாள்.

"சத்தமே இல்ல."

அவர் ஏறி உட்கார்ந்தார். கார் கிளம்பி, ஒரு பாலத்தின் விளிம்பில் ஏறி இறங்கியது.

"இப்ப கேக்குதா?" என்றாள். அந்தக் கேள்வியில் கேள்வி இல்லை, சண்டைதான் இருந்தது.

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். "இல்லீங்க" என்றார்.

பார்த்தாயா, குறை சொன்னார், பிடித்துக் கேட்டால் இல்லை என்கிறார் என்று கண்டி வரும்வரை அவள் உள்ளுக்குள் வழக்குப் பேசிக்கொண்டே வந்தாள். தீர்ப்பையும் அவளே எழுதினாள். ஆனாலும் அநியாயம் செய்யக் கூடாதே என்று அடுத்த நாளே டவுனில் ஒரு வீல் அலைன்மென்ட் கடைக்குக் காரைக் கொண்டுபோனாள். காரை ஜாக்கில் தூக்கிச் சக்கரத்தைப் பிடித்து உலுக்கினார்கள், கம்பியால் நெம்பினார்கள், கம்ப்யூட்டரில் கோணம் பார்த்தார்கள். "கிசி அவுலக் நே மிஸ்," ஒரு கோளாறும் இல்லை என்று சிங்களத்தில் சொல்லி அச்சடித்த தாளையும் கொடுத்தார்கள். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டுதான் அன்னலட்சுமிக்குப் போன் எடுத்தாள்.

"வேணாம்க்கா. இல்லாத குறைய இருக்குன்னு சொல்ற ஆளு."

"அடிப் பாவி, கார்ல சத்தம்னு சொன்னதுக்கா? ஒனக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கா?"

"இன்னைக்கு கார்ல சொல்லுவாரு, நாளைக்கு கறியில சொல்லுவாரு."

அது ஆவணி மாதம். புரட்டாசி போயிற்று, ஐப்பசியும் போயிற்று. ஞாயிற்றுக்கிழமைகள்தான் பொல்லாதவை. காலையில் உடுப்பைத் துவைத்துப் போட்டுவிட்டால் அப்புறம் வாயைத் திறக்க ஒரு காரணம் கிடையாது. காரை எடுத்துக்கொண்டு வாவியைச் சுற்றுவாள், பேராதனைவரை போய்த் திரும்புவாள். ஒரு பன்னை இரண்டாகப் பிய்த்து இரண்டையும் தானே தின்பாள். கதிரையைத் துடைத்த அந்தக் கைலேஞ்சி நினைவுக்கு வரும். சத்தியமாகச் சொன்னால், அவருக்குப் போன் எடுக்க நாலு தடவை நம்பரைத் தேடி எடுத்து நாலு தடவையும் விட்டுவிட்டாள். இந்த மூன்று மாதத்தில் அந்த இடது சீட்டில் மனுசர் யாரும் உட்காரவில்லை.

கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை, பல்லேகலப் பக்கம் போய்க்கொண்டிருந்தபோது முன் இடது டயர் காற்றுப் போய் உட்கார்ந்துவிட்டது. பக்கத்திலேயே ஷிஹாப் என்பவரின் கராஜ். ஐம்பது வயது, நல்ல கனத்த உடம்பு, 'இருக்கு' என்பதை 'ஈக்கி' என்கிற பேச்சு. டயரைக் கழற்றி உட்புறத்தைத் திருப்பிப் பார்த்தவர் புருவத்தைச் சுருக்கினார்.

"ஆணி இல்ல மிஸ். உள்ளுக்கு என்னமோ கீறியீக்கி. இந்தப் பக்கம் பெரிய அடி ஏதும் பட்டதா?"

"பட்டது. மூணு மாசம் ஆச்சு. அலைன்மென்ட் பாத்து ஒண்ணும் இல்லன்னுட்டாங்க."

"சத்தம் ஏதும் ஈக்கா?"

"இல்ல. அன்னைக்கு கூட வந்தவரு ஒருத்தர் கேக்குதுன்னாரு. அவர எறக்கிவிட்டு ஓட்டிப் பாத்தேன், ஒண்ணுமே இல்ல."

ஷிஹாப் நிமிர்ந்தார். "அவர் எங்க உக்காந்தீந்தார்?"

"பக்கத்துல. இடது சீட்ல."

"அப்ப அவர எறக்கிட்டுப் பாத்தா எப்பிடி மிஸ் சத்தம் வரும்?"

கலாராணிக்குச் சட்டென்று புரியவில்லை. ஷிஹாப் மாற்று டயரைப் பூட்டினார். "நீங்க இங்கிட்டு உக்காருங்க, நான் ஓட்டுறேன்" என்று சாவிக்குக் கையை நீட்டினார். ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக அவள் சாவியைக் கொடுத்தாள். முதல் தடவையாகத் தன் காரின் இடது சீட்டில் உட்கார்ந்தாள். வேறு யாருடைய காரிலோ ஏறியதுபோல இருந்தது.

"ஸ்லிப்பரக் கழட்டிட்டு வெறுங்கால கீழ வைங்க மிஸ். மெதுவா போறேன்."

கராஜ் வாசல் மேட்டில் கார் ஏறி இறங்கியது. டொக். காதுக்கு வருமுன்னே அது காலுக்கு வந்தது. அடுத்த குழியிலும் டொக். அதற்கடுத்ததிலும். கலாராணி கதவுப் பிடியைப் பற்றிக்கொண்டாள். அவர் உட்கார்ந்திருந்த இடம் இது. அவர் கால் வைத்திருந்த இடம். அவர் சொன்ன அதே சத்தம்.

திரும்பி வந்து ஷிஹாப் சக்கரத்தைக் கழற்றி, ஸ்பிரிங்கை வெளியே எடுத்தார். சேறு அப்பியிருந்த அடிச்சுற்றை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தபோது, கடைசிச் சுற்றில் இரண்டு விரல் நீளத்துக்கு ஒரு துண்டு தனியாகக் கையில் வந்தது.

"காரத் தூக்கினா ஸ்பிரிங் தொங்கும், ஒடஞ்சது வெளங்காது. நீங்க மட்டும் போனா பாரம் உங்கட பக்கம். இந்தப் பக்கம் ஒருத்தர் உக்காந்தாத்தான் இது அமுங்கி ஒண்ணோட ஒண்ணு மோதும். ஒடஞ்ச எடத்தப் பாருங்க, எவ்வளவு துரு. இது இன்னைக்கு நேத்து ஒடஞ்சதில்ல, அந்த அடியிலயே ஒடஞ்சது. இந்த முனதான் டயரையும் கீறியீக்கி. நல்ல காது மிஸ் அவருக்கு. அல்லாஹ் காப்பாத்தினான், வேகமா போகக்குள்ள டயர் கிழிஞ்சீந்தா என்ன ஆகியீக்கும்?"

கராஜுக்குப் பின்னால் ஒரு பலா மரம் நின்றது. அவள் அதன் அடியில் போய் நின்று, இந்தத் தடவை யோசிக்காமல் நம்பரை அழுத்தினாள். மன்னிப்புக் கேட்க வேண்டும், வாருங்கள் என்று சொல்ல வேண்டும், ஒரு தடவை வந்து உட்கார்ந்து பாருங்கள் என்று சொல்ல வேண்டும். கடவுளே, பிந்தியிருக்கக் கூடாது!

"ஹலோ? கலாராணியா?" நம்பரை அழிக்காமல் வைத்திருந்தார்.

"ஒங்க காது சரி. ஸ்பிரிங் ஒடஞ்சிருக்கு. இப்பத்தான் கழட்டினாங்க. நீங்க சொன்னது உண்ம."

"அப்பாடா" என்றார். "கண்டுபிடிச்சிட்டாங்களா? நல்லதுங்க. தனியா அந்த கார ஓட்டுறீங்களேன்னு பயந்துட்டே இருந்தேன். அன்னலட்சுமி அக்காகிட்டயும் ரெண்டு தடவ சொல்லி விட்டேன். நீங்க கோவப்படுவீங்கன்னு அவங்க சொல்லல போல."

"அக்கா ஒண்ணும் சொல்லல." அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "நீங்க எப்படி இருக்கீங்க?"

"இருக்கேன். தையில கல்யாணம் வச்சிருக்காங்க. பொண்ணு மடுல்கெல்லப் பக்கம். போன கெழமதான் வெத்தல பாக்கு மாத்தினோம்."

பலா மரத்தின் பட்டையை நகத்தால் கீறிக்கொண்டிருந்தாள். பட்டை நகத்துக்குள் ஏறியது. வலித்தது, நன்றாகவே வலித்தது.

"சந்தோசம்" என்றாள். அப்புறம், கேட்காமல் இருக்க முடியாமல் கேட்டாள்: "திரும்ப ஏறினப்புறம் இல்லன்னு சொன்னீங்களே. அப்ப கேக்கலையா?"

"கேட்டுச்சே. பாலத்துலயே கேட்டுச்சு. கண்டி வரைக்கும் கேட்டுச்சு."

"பின்ன ஏன் இல்லன்னீங்க?"

"கேக்குதுன்னு சொன்னா மறுபடி எறக்கி விட்டுடுவீங்களோன்னு நெனச்சேன்" என்றார். கோபமில்லை, கிண்டலும் இல்லை. நடந்ததைச் சொல்கிறவரின் குரல். "ஒங்ககூட டவுன் வரைக்கும் வரணும்னு எனக்கு ஆசையா இருந்திச்சு."

அப்படியெல்லாம் செய்திருக்க மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தாள். வரவில்லை. யாரிடம் பொய் சொல்வது, இனி எதற்கு?

"ஆமா" என்றாள். "எறக்கித்தான் விட்டிருப்பேன்."

அவர் சிரித்தார். மனம் விட்டு, வாய் விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து அவள் கேட்பது அதுதான் முதல் தடவை. பின்னால் ஒரு பெண் குரல் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது.

"இங்க கூப்பிடுறாங்க. பாத்து ஓட்டுங்க" என்று சொல்லி, போனை வைத்துவிட்டார்.