தங்கக் குழியில் இறங்கிய விளக்கு

மம்சாபுரத்துக்கு மேற்கே, செண்பகத்தோப்புக்குப் போகும் வழியில் சுப்புராஜுக்கு ஒரு மாந்தோப்பு இருந்தது. ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி மில் நடத்தியவர், மாமரத்துக்குத் தண்ணீர் வேண்டும் என்றுதான் 1985-ல் அங்கே கிணறு வெட்ட ஆரம்பித்தார். தொண்ணூறு அடியில் தண்ணீர் வரவில்லை. மஞ்சளாக மினுங்கும் கல் வந்தது. அதோடு மனிதருக்குத் தூக்கம் போயிற்று. கோலாரில் வேலை பார்த்ததாகச் சொல்லிக்கொண்ட ஒருவர் வந்து, கல்லை நக்கிப் பார்த்துவிட்டு, "தங்கம் இன்னும் ஆழத்துல கெடக்கு" என்றார். ஆழத்தில் கிடக்கிறது என்று சொல்லிவிட்டால் யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள்? கிணறு சுரங்கமாயிற்று. ஸ்ரீவில்லிபுத்தூர் கடைவீதியில் பாதிப் பேர் பங்கு சேர்ந்தார்கள். ஒரு அம்மாள், வெளியே வராத தங்கத்துக்கு வளையல் மாடல் வரைக்கும் தேர்ந்தெடுத்து வைத்திருந்ததாகக் கேள்வி.

பங்கு சேர்ந்தவர்களில் ஒருவரும் குழிக்குள் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. இறங்கியதெல்லாம் மம்சாபுரத்துச் சுற்றுவட்டக் கிணறு வெட்டு ஆட்கள். அவர்களுக்குத் தலைவன் தவசிமுத்து. அவன் பெண்டாட்டி இசக்கியம்மாளுக்கு அங்கே ஒரு வேலைதான், ஆனால் பெரிய வேலை. காலையில் ஆட்கள் இறங்குமுன் அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி அடிவரை இறக்குவாள். நூறு எண்ணுவாள். விளக்கு அணைந்தால் கீழே கெட்ட காற்று. வேப்பங்குழையைக் கட்டி ஏற்றி இறக்கி அதை விரட்டும்வரை ஒருத்தனும் இறங்கக் கூடாது. எரிந்தால் இறங்கலாம். மாமனார் காலத்துப் பழக்கம். ஒரு நாளும் அவள் அதில் தவறியதில்லை.

1988 ஆடியில், இருநூற்று இருபது அடியில் ஊற்று உடைத்துக்கொண்டது. வெட்ட ஆரம்பித்ததே தண்ணீருக்குத்தான் என்பது சுப்புராஜுக்கு மறந்தே போயிருந்தது. அத்தனையையும் இறைத்துக் கொட்டச் சொன்னார். மேலே வைத்தால் பம்பு இழுக்காது. ஆகவே குழிக்குள்ளேயே, தண்ணீருக்குச் சற்று மேலே திட்டு வெட்டி, மண்ணெண்ணெய் இன்ஜின் ஒன்றை இறக்கினார்கள். சாயங்காலம் ஓட ஆரம்பித்தது, எண்ணெய் தீர்ந்து விடியும்போதுதான் நின்றது.

காலையில் இசக்கியம்மாள் விளக்கை இறக்கி, நூறு எண்ணிவிட்டு, புருஷனைப் பார்த்தாள்.

"நேத்து இன்ஜின ஓட்டிவிட்டுட்டு ஏறும்போதே தலை கனக்குன்னிய. இன்னைக்கு ஒருநா இருந்துக்கிடப்படாதா?"

"ஏட்டி, விளக்கு என்ன சொல்லுது?"

"எரியுது. சுடரு ஆடாம நிக்கி."

"பொறவு என்ன? தங்கம் வந்தா ஒனக்கு மூக்குத்தி. வரலைன்னா வெறும் மூக்கே போதும், லெச்சணமாத்தான் இருக்கு."

தளவாய்புரத்துப் பொன்னுராஜும் தவசிமுத்துவும் மண் அள்ளும் தொட்டி ஒன்றில் நின்று சேர்ந்து இறங்கினார்கள். மண் நிரப்பியதும் கயிற்றை ஆட்டுவது வழக்கம். கயிறு ஆடவேயில்லை. கூப்பிட்டுப் பார்த்தார்கள், தண்ணீர் விழும் சத்தம்தான் வந்தது. மத்தியானம் தீயணைப்புக்காரர்கள் வந்து தூக்கியபோது இரண்டு முகமும் செக்கச்செவேலென்று, தூங்குகிறவர்கள் மாதிரி இருந்தன.

உடல்கள் வீடு வந்து சேருமுன்பே தெரு முடிவுக்கு வந்துவிட்டது: விளக்கை இறக்கியிருக்க மாட்டாள்.

மூன்றாம் நாள் மில் மேனேஜர் சுயம்புலிங்கம் ஒரு காகிதத்தோடு வந்தார்.

"விளக்கு எறக்க மறந்துட்டேன்னு இதுல ஒரு கைநாட்டு வையி. ஒன் மகளுக்கு மில்லுல நிரந்தர வேலை. மொதலாளி வாக்கு."

"மறக்கலியே, சார்."

"பின்ன எப்படிச் செத்தான்?"

அதுதான் அவளுக்கும் தெரியவில்லை. எண்ணிய நூறை மனசுக்குள் மறுபடி மறுபடி எண்ணினாள். கைநாட்டு வைக்கவில்லை.

கருமாதி கழிந்ததும் இன்ஜின் மெக்கானிக் பீர் மைதீனின் பட்டறைக்குப் போனாள். அவர் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே இருந்தார், அது சுத்தமான பிறகும்.

"இன்ஜின் புகை விளக்க அணைக்காது தாயி. மனுசனத்தான் அணைக்கும். உள்ள எறக்காதியன்னு மொதலாளிகிட்டச் சொன்னேன். கேக்கல."

"இத ஸ்டேசன்ல வந்து சொல்லுவியளா, பாய்?"

பீர் மைதீன் பட்டறைக்குள் திரும்பிப் பார்த்தார். பிரித்துப் போட்டிருந்த இன்ஜின்களில் பாதி சுப்புராஜுடையவை. இசக்கியம்மாள் எழுந்து வந்துவிட்டாள்.

விசாரணை சுலபமாக முடிந்தது. மேலே கயிறு பிடித்தவர்கள் விளக்கைக் கவனிக்கவில்லை என்றார்கள். விளக்கு இறக்கவில்லை என்று பொன்னுராஜின் பெண்டாட்டி மாடத்தி கைநாட்டு வைத்திருந்தாள். சம்பவத்தன்று அவள் தளவாய்புரத்தில் வீட்டில் இருந்தாள் என்பது தெருவுக்கே தெரியும். தெரு அதை ஞாபகப்படுத்திக்கொள்ளவில்லை.

மெட்ராசுக்கு அனுப்பிய கல்லின் ரிப்போர்ட் அதன் பிறகு வந்தது. வெறும் இரும்பும் கந்தகமும். சுப்புராஜ் குழிக்குச் சிலாப் போட்டு மூடிவிட்டு, பழையபடி பேண்டேஜ் துணி விற்கப் போனார். இசக்கியம்மாளை எந்தக் கிணற்றுக்கும் கூப்பிடுவதில்லை. விதவைகளிலும் அவள் தனி ரகமாகிவிட்டாள். கல்யாண வீட்டுச் சமையலுக்கு வெங்காயம் உரிக்கக்கூட யாரும் அழைக்கவில்லை.

1991-ல் ஒரு நாள் அவள் மில் வாசலில் போய் நின்றாள். மாடத்தி தூக்குவாளியோடு வேலைக்கு வந்தாள்.

"ஏட்டி மாடத்தி, ஒன்ன ஏச வரல. ஒண்ணே ஒண்ணு கேக்கேன். அன்னைக்கு விளக்கு எரிஞ்சிச்சின்னு நீயாவது நம்புதியா?"

மாடத்தி வாட்ச்மேன் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"நம்புதேங்க்கா. எங்க வீட்டுக்காரரு எறங்குன எடத்துல நீங்க என்னைக்குத் தப்பு பண்ணிருக்கிய?" என்றாள், குரலே எழாமல். "ஆனா வெளிய வச்சு என்ட்ட இதக் கேக்காதிய. எனக்கு மூணு புள்ளைக."

மில் சங்கு ஊதியது. மாடத்தி உள்ளே ஓடினாள்.