இழுப்பறையில் கஞ்சி

ஆவி எழும்பிக்கொண்டிருக்கிறது அந்த இழுப்பறையிலிருந்து, கொதிக்கும் வெந்நீரும் சோடாத்தூளும் போட்டு நான் தேய்த்துக் கழுவிய ஆவி, உள்ளே பதித்த தகரம் பளபளக்கிறது, ஒரு பருக்கை மிச்சமில்லை, ஜன்னலுக்கு வெளியே கடற்காகங்கள் எதற்கோ அடித்துக்கொள்கின்றன, எதற்கென்று எனக்குத் தெரியும், வீசியவன் நான்தான், இல்லை, அது ஒன்பது வருஷத்துக்கு முந்தைய காலை, இப்போது ஆவி வருவது அடுப்பிலிருந்து, கிண்டு, கை நின்றால் அடிப்பிடிக்கும், வலமாகக் கிண்டு. அதே சமையலறை, அதே அலமாரி, அதன் நடு இழுப்பறை மூடியே கிடக்கிறது, பின்னால் மேசையில் என் மனைவி இஷ்பெல் தேநீர்க் கோப்பையைக் குடிக்காமல் சுற்றிச் சுற்றிப் பிடித்துக்கொண்டிருக்கிறாள், பத்து மணிக்கு அவள் அண்ணன் ரோரி வருகிறான், ஒன்பது வருஷம் கழித்து, பன்னிரண்டரை ரயிலில் போய்விடுவான், அடுத்த வாரம் நியூசிலாந்துக்குக் குடியேறுகிறான், காலைச் சாப்பாடு மட்டும் போதும் என்று போனில் சொன்னானாம். போனா திரும்ப மாட்டான், எனக்கு அவனைத் தெரியும், என்றாள் இஷ்பெல் அன்று, ஒரே வாய்ப்பு இதுதான், நீயே சமை, நான் சமைச்சா முட்டை வேகறதுக்குள்ள சண்டை வந்துடும்.

அதனால் நான் கிண்டுகிறேன். நேற்று மாலை ஊறவைத்த ஓட்ஸ் நொய், பாக்கெட்டில் வருகிற தட்டையான அவல் மாதிரி ஓட்ஸ் இல்லை, அரிசி நொய்போல மூன்றாய் உடைத்தது, ஊறினால்தான் அதன் மாவு மெல்ல இளகித் தண்ணீரோடு சேரும், ஊறாததை வேகவைத்தால் வெளியே குழைந்து உள்ளே மணலாக இருக்கும், கிண்டுவதற்குக் கரண்டி கூடாது, தலையை வெட்டிவிட்ட மத்துக் காம்பு போல ஒரு உருண்டைக் கோல், கரண்டி கஞ்சியைத் தள்ளும், கோல் அதை வகிர்ந்துகொண்டு போகும், கட்டி விழாது. உப்பு கடைசியில், சர்க்கரை கிடையவே கிடையாது. இதெல்லாம் மாமா சொன்னது, இஷ்பெலின் அப்பா, ஆங்கஸ் என்று பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு நாக்கு வராமல் மாமா என்றேன், அவரும் அதை ஒரு பட்டம் மாதிரி வாங்கிக்கொண்டார், சிங்கி இறாலுக்குக் கூண்டு போடுகிறவர், நான் தூத்துக்குடியிலிருந்து கப்பல் இன்ஜினியராக வந்து அவர் மகளைக் கட்டிக்கொண்டவன், சிங்கி இறாலின் வயதை எப்படிச் சொல்வது என்று நான் கேட்டேன், டீசல் பம்ப் எப்படி வேலை செய்கிறது என்று அவர் கேட்டார், அப்படித்தான் எங்களுக்குள் பேச்சு தொடங்கியது, ஏன் வலமாகக் கிண்ட வேண்டும் என்றேன் ஒருநாள், சூரியன் போற வழி அது, இடமா கிண்டினா பிசாசு வந்து கிண்ணத்துல உக்காந்துக்கும் என்றார், எங்கள் ஊர்க் கோயிலிலும் வலம்தான் என்றேன், அப்ப உங்க ஊர்ப் பிசாசும் எங்க ஊர்ப் பிசாசும் சொந்தக்காரங்களா இருக்கும், என்று சிரித்தார், சிரிக்கும்போது கோல் நின்றது, நிறுத்தாதீங்க மாமா, அடிப்பிடிக்குது.

என்ன பக்தியா கிண்டுறே, என்கிறாள் இஷ்பெல், பிரசாதம் செய்யற மாதிரி, எங்க ஆளுங்க யாரும் இந்தக் கஞ்சியை இவ்வளவு மரியாதையா நடத்தினதில்ல. அவள் குரல் கேலியாகத் தொடங்கி நடுவில் உடைகிறது, நான் திரும்பிப் பார்க்காமல் அடுத்த அடுப்பில் தோசைக்கல்லை ஏற்றுகிறேன், தூத்துக்குடியிலிருந்து பெட்டியில் சுமந்து வந்த கல், உருளைக்கிழங்கு ரொட்டிக்கு இதைவிட நல்ல கல் இந்த நாட்டில் கிடையாது, கிழங்கைச் சூட்டோடு மசித்து, வெண்ணெய் சேர்த்து, மாவு ஒட்டாத அளவுக்கு மட்டும் மைதா, கூடினால் ரப்பர், சூடு ஆறினாலும் ரப்பர், எண்ணெய் இல்லாமல் சுட வேண்டும், நாலாக வெட்டி மடித்துத் துணிக்குள் வைத்தால் தன் ஆவியிலேயே மெத்தென்று ஆகிவிடும். சதுரமான சாஸேஜ், தோலில் அடைக்காமல் தகர அச்சில் அழுத்தி வெட்டியது, சதுரம் ஏனென்றால் ரொட்டித் துண்டு சதுரம், கடிக்கும் இடமெல்லாம் கறி இருக்கும். பிறகு கருப்புப் புட்டிங், மாட்டு ரத்தமும் கொழுப்பும் ஓட்ஸும், முதல் தடவை மாமா என் தட்டில் அதை வைத்துவிட்டு நான் முகம் சுளிக்கிறேனா என்று பார்த்தார், எங்க வீட்டுல ஆட்டு ரத்தத்தை வெங்காயம் போட்டுப் பொரிப்போம் என்றேன், அவர் மேசையில் ஓங்கித் தட்டி, ரோரி, இவன் நம்ம ஆளுடா என்றார், ரோரி எதிரில் உட்கார்ந்து சிரித்தான், அப்போதே அவனுக்கு மச்சான் என்ற சொல்லைக் கற்றுக்கொடுத்திருந்தேன், கடலில் எண்ணெய்க் கிணற்றுமேடையில் வேலை அவனுக்கு, மூன்று வாரம் அங்கே, மூன்று வாரம் இங்கே, அங்கிருந்து போனில் மச்சான் என்று கத்துவான், காற்றும் கத்தும்.

அவன் கரைக்கு வருவதற்கு முந்தின நாள் மாமா ஒரு பானை கூடுதலாகக் கஞ்சி கிண்டுவார், அதை அப்படியே இந்த நடு இழுப்பறையில் ஊற்றுவார், தகரம் பதித்ததே அதற்குத்தான், ஒரு இரவில் உறைந்து கெட்டியாகிவிடும், மறுநாள் கத்தியால் துண்டு போட்டு வெண்ணெயில் வறுப்பார், அந்தக் காலத்தில் படகுக்குப் போகிறவர்கள் இந்தத் துண்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போவார்களாம், இப்போது யாரும் செய்வதில்லை, ரோரிக்காக மட்டும் அவர் செய்தார், வறுத்த ஓரத்தை முதலில் அவன்தான் கடிக்க வேண்டும். அந்தச் செவ்வாய்க்கிழமை கஞ்சியை ஊற்றிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை, அப்படியே போய்விட்டார், மறுநாள் காலை கடல்மேல் மூட்டம், ஹெலிகாப்டர் பறக்கவில்லை, ரோரியால் வர முடியவில்லை, இஷ்பெல் மாடியில் கிடத்தியிருந்த அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தாள், நான் கீழே தனியாக, என்ன செய்வதென்று தெரியாமல், எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். தூத்துக்குடியில் என் அப்பா போன அன்று என் அத்தை முதலில் செய்தது அடுக்களைக்குப் போனதுதான், உலையில் இருந்த சோறு, சட்டியில் இருந்த குழம்பு எல்லாவற்றையும் வெளியே கொட்டினாள், பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்தாள், உயிர் போன வீட்டில் ஆக்கிய சோறு இருக்கக் கூடாது, கொட்டும்போது அவள் அழவில்லை, கொட்டி முடித்த பிறகு அழுதாள். நானும் அப்படித்தான், மாமாவின் இழுப்பறையை இழுத்து, உறைந்து கிடந்ததைக் கோரிக் கடற்காகங்களுக்கு வீசி, தேய்த்துக் கழுவி, பிறகு அழுதேன், ஒரு மகன் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு அழுதேன்.

வியாழக்கிழமையும் மூட்டம் முழுக்கக் கலையவில்லை, ரோரி நனைந்த கோட்டோடு உள்ளே வந்தான், மாடிக்குப் போகவில்லை, நேராக அலமாரிக்கு வந்து இழுப்பறையைத் திறந்தான், சோடா வாசனை. யார் கழுவினது. நான். அது எனக்கு ஊத்தி வெச்சது. அவ்வளவுதான் பேசினான். சனிக்கிழமை அடக்கம், இங்கே சவப்பெட்டியைக் குழிக்குள் இறக்க எட்டுக் கயிறு, ஒவ்வொரு கயிற்றுக்கும் ஒரு எண், எந்தக் கயிற்றை யார் பிடிப்பது என்று மகன்தான் சீட்டு எழுதிக் கொடுப்பான், ஏழு சீட்டு கொடுத்தான், மிஞ்சிய ஒரு கயிற்றைப் பிடிக்க ஆள் இல்லாமல் அடக்கக் கம்பெனிக்காரர் ஒருவர் வந்து பிடித்தார், நான் கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றேன், அதை இஷ்பெல் பார்த்தாள், அன்றோடு அண்ணன் தங்கை பேச்சு நின்றது. பம்ப் எப்படி ஓடும், அலை எப்படித் திரும்பும், கேட்டவருக்கும் கேட்காதவருக்கும் விளக்குகிற நான் இழுப்பறையைக் கழுவிய அந்த ஒன்றை மட்டும் யாருக்கும் விளக்கவில்லை, சொன்னால் சாக்குப்போல இருக்குமோ என்று, ஒன்பது வருஷம், கோல் சுற்றுகிறது, கஞ்சி தடிக்கிறது, பொக்கென்று ஒரு கொப்புளம் வெடிக்கிறது, கதவு தட்டும் சத்தமா, கதவுதான்.

வா, என்கிறாள் இஷ்பெல், வழுக்கை விழுந்துடுச்சே உனக்கு. உனக்கு நாக்கு அப்படியே இருக்கு, என்கிறான் ரோரி. என்னைப் பார்த்துத் தலையசைக்கிறான், உட்காருகிறான், நான் கஞ்சியைக் கிண்ணத்திலும் குளிர்ந்த கிரீமைத் தனிக் கோப்பையிலும் வைக்கிறேன், சூட்டுக் கரண்டியைக் குளிரில் தொட்டுச் சாப்பிடுவது அவர்கள் வழக்கம், அவன் கரண்டியை எடுக்கவில்லை, எழுந்து போய் நடு இழுப்பறையை இழுக்கிறான், அது கிரீச்சென்று வருகிறது. காலியா இருக்கு, ஒண்ணும் வைக்கலையா இதுல. என்ன வைக்கிறது, என்கிறேன், அப்புறம் என் வாய் தானாகத் திறந்துகொள்கிறது, அத்தை, உலைச் சோறு, கவிழ்த்த பானைகள், கொட்டிய பிறகு அவள் அழுதது, நான் அழுதது, எல்லாவற்றையும் சொல்கிறேன், இந்த ஒரு விஷயத்தை விளக்கத்தான் எனக்கு வார்த்தை முன்பின்னாக வருகிறது, கல்லில் ரொட்டி கருகுகிறது, யாரும் எழுந்திருக்கவில்லை. ரோரி தகரத்தில் விரலால் தடவிக்கொண்டு கேட்கிறான், அப்ப உங்கப்பாவுக்குச் செய்யறதை எங்கப்பாவுக்குச் செஞ்சே. ஆமாம். அதை அன்னிக்கே சொல்றதுக்கு என்ன. நீ கேட்கலையே. நான் ஏன் கேட்கலைன்னா, என்று தொடங்கி நிறுத்துகிறான், கடல் பக்கம் பார்க்கிறான், மூணாம் கயிறு உனக்கு, தோள் பக்கம், உன் பேரை நானே எழுதினேன், நானே கிழிச்சேன். இஷ்பெல் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ரெண்டு பேரும் மடையனுங்க, கஞ்சி ஆறுது, என்கிறாள்.

அவன் சாப்பிடுகிறான், கஞ்சி, புட்டிங், கருகாத பக்கம் பார்த்து ரொட்டி, எல்லாம், கிரீமை விரலால் வழித்து, உப்பு சரியா இருக்கு, என்கிறான் பானையைப் பார்த்து. மணி பதினொன்றே முக்கால், ஸ்டேஷனுக்கு அரை மணி ஓட்டம், இஷ்பெல் கார்ச் சாவியை எடுத்துக் கையில் வைத்துக்கொள்கிறாள், யாரும் அதைப் பார்க்காத மாதிரி இருக்கிறோம். ரோரி எழுந்து அடுப்பிலிருந்து பானையை இரண்டு கையாலும் தூக்குகிறான், இன்னும் பாதிக்குமேல் இருக்கிறது, நான்தான் எப்போதும் கூடுதலாகக் கிண்டுகிறவன், மச்சான், அந்த இழுப்பறையைப் பிடி, ஒரு பக்கம் சாயுது, என்கிறான். ரயில், என்கிறாள் இஷ்பெல். இது உறைய ஒரு ராத்திரி ஆகும்னு தெரியாதா உனக்கு, என்கிறான் அவன். நான் பிடித்துக்கொள்கிறேன், தோள் பக்கமாக நின்று, கஞ்சி தடித்து மெல்ல இறங்கி நாலு மூலைக்கும் பரவுகிறது, தகரம் மறைகிறது, வெளியே கடற்காகங்கள் கத்துகின்றன, கத்தட்டும், ஆவி எழும்பிக்கொண்டிருக்கிறது அந்த இழுப்பறையிலிருந்து.