கைக்கேற்ற தோட்டா

வெர்னா தன் அப்பாவின் கைத்துப்பாக்கியைச் சமையல் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து, இடது கையால் ஆஸ்கர் லுஹானின் மேசைமேல் வைத்தாள். வலது கை சட்டைப் பைக்குள்ளேயே இருந்தது. அந்த மணிக்கட்டுக்குள் இரண்டு தகடும் ஏழு திருகும் இருப்பது பேக்கோஸ் ஊரில் எல்லாருக்கும் தெரியும். உடைத்தது யார் என்பதும் தெரியும். அவள் புருஷன் ராய்ஸ்தான், தன் வண்டிக் கதவின் இடுக்கில் அந்தக் கையைப் பிடித்து வைத்துக்கொண்டு இரண்டு தடவை கதவை அறைந்து சாத்தியவன். பதினான்கு மாதம் உள்ளே இருந்துவிட்டு முந்தின நாள்தான் வெளியே வந்திருந்தான்.

"காலையில வீட்டுக்குப் பின்னால நின்னு ஒரே ஒரு தடவை சுட்டுப் பாத்தேன். துப்பாக்கி அங்க போய் விழுந்துச்சு. நான் இங்க உக்காந்து அழுதேன்."

"நாப்பத்தஞ்சு அளவு தோட்டான்னா உதைக்கத்தான் செய்யும். உங்கப்பனுக்குக் கை சம்மட்டி மாதிரி," என்றார் ஆஸ்கர். துப்பாக்கி பழுது பார்த்தே தலை நரைத்த மனிதர். அந்தத் துப்பாக்கியை அவள் அப்பாவுக்கு விற்றவரும் அவர்தான்.

"என் கைக்கு ஏத்த மாதிரி மாத்திக் குடுங்க. புதுசு வேணாம். இந்தப் பிடி எனக்குப் பழக்கம்."

மாற்றலாம் என்றார். பிடியும் விசையும் அப்படியே இருக்கும். மேல்பாகம், குழல், தோட்டாக்கூடு மூன்றையும் எடுத்துவிட்டு வேறு அளவு தோட்டாவுக்கான தொகுப்பைப் பொருத்திவிடலாம். கடைக்குப் பின்னால் மண்மேடு ஒன்று இருந்தது. அங்கே கூட்டிப்போய் முதலில் ஒன்பது மில்லிமீட்டர் துப்பாக்கி ஒன்றைக் கொடுத்துச் சுடச் சொன்னார். இரண்டாவது வெடியில் அவள் முகம் வெளுத்துவிட்டது. மூன்றாவதைச் சுடவில்லை. பிறகு மனமே இல்லாமல் இருபத்திரண்டு அளவுத் துப்பாக்கி ஒன்றை எடுத்துவந்தார். தோட்டா சுண்டுவிரல் நகம் அகலம்கூட இல்லை. அவள் அதிலிருந்த எட்டையும் சுட்டு முடித்து, இன்னும் இருக்கிறதா என்று கேட்டாள்.

"இதால முயல் சுடலாம், பாம்பு சுடலாம். ராய்ஸ் எருமை மாதிரி இருக்கான் வெர்னா. பட்டாலும் வந்துக்கிட்டே இருப்பான்."

"பெரிய தோட்டா செவத்துல படறதுக்கு, சின்னது அவன் மேல படட்டுமே."

ஆஸ்கர் துண்டை மடித்து அவளிடம் கொடுத்தார். "சனிக்கிழமை மத்தியானம் வா."

வெர்னா பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுபவள். வியாழக்கிழமை சாயங்காலம் கண்ணாடியில் ராய்ஸின் வண்டி தெரிந்தது. முந்தவும் இல்லை, ஒலி எழுப்பவும் இல்லை. அவள் நிறுத்திய இடத்திலெல்லாம் நின்றான், கிளம்பியபோதெல்லாம் கிளம்பினான். பின் இருக்கைப் பிள்ளைகள் கை ஆட்டியதும் அவனும் சிரித்துக்கொண்டே ஆட்டினான். முன்னூறு அடிக்குள் வரக்கூடாது என்று நீதிமன்றம் கொடுத்த காகிதம் அவள் இருக்கைக்குக் கீழே இருந்தது. வண்டியை நிறுத்தி அதை அவனிடம் காட்டுவது எப்படி என்று யோசித்தாள். அதைப் படிக்கும் தூரத்துக்கு அவன் வர வேண்டுமே. கடைசிப் பிள்ளை இறங்கியதும் நேராக ஷெரிஃப் அலுவலகத்துக்குப் பேருந்தை ஓட்டினாள். அவன் பாதியிலேயே திரும்பிப் போய்விட்டான். அங்கே புகாரை எழுதிக்கொண்டார்கள்.

சனிக்கிழமை ஆஸ்கர் எல்லாவற்றையும் பொருத்தி, தானே நூறு தடவை சுட்டும் பார்த்திருந்தார். வெர்னா மண்மேட்டின் முன் நின்று, கூட்டிலிருந்த பத்தையும் சுட்டாள். பழைய பிடி, அப்பாவின் கட்டைவிரல் தேய்த்த அதே பள்ளம். ஆனால் கைக்குள் ஒரு குருவி துடித்தது போல்தான் இருந்தது. குறிக்காக மாட்டிய காகிதத்தில் பத்து ஓட்டைகளும் ஒரு உள்ளங்கைக்குள் விழுந்திருந்தன. வலிக்கவே இல்லை. அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அப்படிச் சிரித்து இரண்டு வருஷம் ஆகியிருக்கும்.

"இன்னொரு கூடு நிரப்பிப் போட்டுக்கோ, வாசல்ல யாரோ வந்த மாதிரி இருக்கு," என்று ஆஸ்கர் உள்ளே போனார்.

முதலில் பேச்சுக் குரல்தான் கேட்டது. "வண்டி வெளியில நிக்குது, அவ எங்கடா கிழவா?" அப்புறம் கண்ணாடி உடைகிற சத்தம். பெரிய ஏதோ ஒன்று தரையில் விழுந்தது. "ஓடு வெர்னா!" என்று ஆஸ்கர் கத்தியது பாதியில் அறுந்தது.

ஓட இடமில்லை. மூன்று பக்கமும் கம்பிவேலி. அவள் தோட்டாப் பெட்டியைக் கவிழ்த்துக்கொண்டு மண்டியிட்டாள். சுடுவதற்கு ஒத்துழைத்த கை, நிரப்புவதற்கு ஒத்துழைக்கவில்லை. கட்டைவிரல் வழுக்கியது. ஒன்று. இரண்டு. ஒன்று புழுதியில் உருண்டது. மூன்று. நான்கு. பின்கதவு திறந்தது. அவள் கூட்டைத் தட்டிச் சொருகி எழுந்தாள்.

ராய்ஸின் கையில் ஆஸ்கரின் மேசையிலிருந்த இரும்புச் சுத்தியல். அதில் நரைமுடி ஒட்டியிருந்தது.

"கிட்ட வராதே ராய்ஸ்."

அவன் துப்பாக்கியைப் பார்த்தான். அதன் சின்ன வாயையும் பார்த்தான். "மாமனார் துப்பாக்கிக்கு என்னடி ஆச்சு? எலி சுடப் போறியா?" என்று சொல்லிக்கொண்டே நடந்தான்.

முதல் குண்டு நெஞ்சில் பட்டது. கொசு கடித்தவன்போல் அந்த இடத்தைத் தட்டிவிட்டு அவன் வந்துகொண்டே இருந்தான். இரண்டாவது வயிற்றில். சுத்தியல் சுழன்று அவள் வலது தோளில் இறங்கியது; எலும்பு நொறுங்கும் சத்தம் அவளுக்கே கேட்டது. கீழே விழுந்தவள்மேல் முழங்காலை ஊன்றி, சரியாக அந்த மணிக்கட்டைத் தேடிப் பிடித்து முறுக்கினான். எங்கே முறுக்கினால் வலிக்கும் என்று அவனுக்கு மறந்திருக்கவில்லை. கண் இருட்டியது. துப்பாக்கி வலது கையிலிருந்து நழுவி வயிற்றில் விழுந்ததும் இடது கையால் எடுத்து, அவன் விலாவில் அழுத்தி மூன்றாவதைச் சுட்டாள். அவன் இருமினான். நான்காவது தாடைக்குக் கீழே நுழைந்தது.

ராய்ஸ் எழுந்தான். இரண்டு எட்டு வைத்தான். பிறகு அசதியில் உட்காருகிறவன்போல் மண்மேட்டில் சாய்ந்து உட்கார்ந்தான். சுத்தியல் இன்னும் கையில் இருந்தது. வெர்னாவும் எழுந்து, துப்பாக்கியை அவனை நோக்கியே நீட்டிக்கொண்டு நின்றாள். அது காலி என்று அவளுக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாது.

"போட்டுடு."

சுத்தியல் விழுந்தது.

உள்ளே ஆஸ்கர் தவழ்ந்துபோய்த் தொலைபேசியை எடுத்திருந்தார். குழறிக் குழறி முகவரி சொன்னார். ஆம்புலன்ஸ் வர இருபது நிமிஷம் ஆகும் என்றார்களாம். ராய்ஸ் தன் சட்டையில் இருந்த ஓட்டைகளை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். இவ்வளவு சின்னதா என்று அவனுக்கு நம்பிக்கை வராதது போல் இருந்தது. உதட்டில் சிவப்பு நுரை கட்டியது.

"வெர்னா," என்றான். குரல் காற்றாய் வந்தது. "தண்ணி."

வெயில் நேராக இறங்கிக்கொண்டிருந்தது. அவன் மறுபடியும் கேட்டான். இந்தத் தடவை பேர் சொல்லவில்லை, வாய் மட்டும் அசைந்தது. அவள் அவனைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடந்து, சுவரோரக் குழாயைத் திறந்து, ரப்பர் குழாயை இழுத்துக்கொண்டு வந்தாள். நொறுங்கிய தோள், முறுக்கிய மணிக்கட்டு; எந்த விரல் அதைப் பிடித்திருந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. அவன் கைக்கு எட்டாத தூரத்தில் நின்றாள். இடது கையில் துப்பாக்கி. ரப்பர் குழாயில் அடைபட்டிருந்த காற்று புர்ரென்று சீறியது; பிறகு வெயிலில் கொதித்திருந்த தண்ணீர் வந்தது. அது குளிரும்வரை தரையில் ஓடவிட்டு, அப்புறம் மெல்ல உயர்த்தினாள். ராய்ஸ் தலையைப் பின்னால் சாய்த்து வாயைத் திறந்தான். தண்ணீர் வளைந்து போய் அவன் கன்னத்தில் பட்டு, கழுத்து வழியாக இறங்கி, மண்ணில் இளஞ்சிவப்பாய்ப் பரவி அவள் செருப்பை நோக்கி வந்தது.